பைலட் வேலை போச்சா? முதல்ல ரெஸ்யூமேவை மாத்தி எழுதுங்க

மணலியில ஒரு கன்டெய்னர் யார்டுல ஆள் எடுக்கிறது என் வேலை. வீடு தண்டையார்பேட்டை. ஏ320 விமானம் ஓட்டிக்கிட்டிருந்த என் சித்தி பையன், வேலை போனதும் ரெஸ்யூமேவைக் கொண்டு வந்து கொடுத்தான். முதல் வரியே 'மொத்தப் பறத்தல் 2,800 மணி நேரம்'. எவ்வளவு பெரிய உழைப்பு அது! ஆனா அந்த வரியைப் படிக்கத் தெரிஞ்சவங்க ஏர்லைன்ஸ்ல மட்டும்தான் இருக்காங்க.

ரெண்டு பேரும் உட்கார்ந்து மாத்தினோம். 'சிஆர்எம் பயிற்சி' (விமானக் குழுவா சேர்ந்து வேலை செய்யக் கத்துக்கிறது) இருந்த இடத்துல, 'சீனியர் தப்பான முடிவு எடுத்தா தயங்காம எடுத்துச் சொல்லப் பயிற்சி பெற்றவன்' என்று போட்டோம். 'சிமுலேட்டர் செக்' என்பதை, 'என்ஜின் தீ போன்ற அவசர நிலைகளைக் கையாள, விமானம் மாதிரியே இயங்குற கருவியில ஆறு மாசத்துக்கு ஒரு முறை சோதிக்கப்பட்டுத் தேறியவன்' என்று எழுதினோம். ராத்திரி ஷிப்டுல ரீச் ஸ்டாக்கர் (கன்டெய்னர் தூக்குற பெரிய வண்டி) ஓடுற யார்டுக்கு இப்படி ஒரு ஆள் கிடைக்கிறது அபூர்வம். ஷிப்ட் இன்சார்ஜ், கன்ட்ரோல் ரூம், ஆபரேஷன்ஸ் பிளானிங் வேலைகளுக்கு இதே ரெஸ்யூமே போகும்.

சேஃப்டி ஆபீசர் வேலைக்கு நேரா குறி வைக்காதீங்க. தொழிற்பாதுகாப்பு விதிகள் அதுக்குத் தனிப் படிப்பும் அனுபவமும் கேக்குது. இன்ஜினியரிங் முடிச்சவங்க தரமணி மண்டலத் தொழிலாளர் நிறுவனத்துல தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ பத்தி விசாரிங்க. பிளஸ் டூ முடிச்சு நேரா பறக்கப் போனவங்கதான் அதிகம் அடிபடுறாங்க. லைசென்ஸ் கையில இருந்தும் 'டிகிரி' கட்டத்துல மாட்டிக்கிறாங்க. இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இந்த வருஷமே சேர்ந்துடுங்க. 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்று எழுத முடிஞ்சாலே கொஞ்சம் வழி கிடைக்கும்.

ஹார்பர்ல 'பைலட்' வேலைக்கு ஆள் எடுக்கிறதைப் பார்த்து விண்ணப்பம் போட்டுடாதீங்க. அது கப்பலைத் துறைமுகத்துக்குள்ள கொண்டு வர்ற வேலை, கப்பல்ல வருஷக்கணக்கா ஓடினவங்களுக்குத்தான். ட்ரோன் வேலைன்னா, விமான லைசென்ஸ் இருந்தாலும் 2021 ட்ரோன் விதிகள்படி ரிமோட் பைலட் சான்றிதழைத் தனியா வாங்கணும். சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) பரீட்சைக்கு நேவிகேஷன், மெட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ் சொல்லிக் கொடுக்கிறதை வீட்டிலிருந்தே தொடங்கலாம். பாடமும் மறக்காது.

எந்த வேலைக்குப் போனாலும் கிளாஸ் 1 மெடிக்கலை, அதாவது பைலட்டுக்கான உடல்தகுதிச் சான்றிதழை, விட்டுடாதீங்க. 2019-ல ஜெட் ஏர்வேஸும் 2023-ல கோ ஃபர்ஸ்டும் நின்னுபோனாலும், மத்த கம்பெனிகள் ஆள் எடுத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. கூப்பிடும்போது மெடிக்கல் காலாவதியா இருக்கக் கூடாது.

பாக்கி சம்பளம் இருக்கிற கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனா, ஊழியர்கள் பாக்கி கேட்டுக் கொடுக்கிற ஃபார்ம் டி-யை அறிவிப்புல சொன்ன கெடுவுக்குள்ள கொடுங்க. அப்பாயின்ட்மென்ட் லெட்டர், பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வேணும். கம்பெனி மெயில் ஐடியை மூடுறதுக்கு முன்னாடியே டவுன்லோடு பண்ணி வைங்க. படிப்புக் கடன் இருந்தா, தவணை தவறுறதுக்கு முன்னாடி பேங்க் மேனேஜரை நேர்ல பாருங்க. அம்மா நகையை அடகு வைக்கிறதெல்லாம் அப்புறம்.

இன்டர்வியூவுல ஒரு கேள்வி கட்டாயம் வரும்: 'ஏர்லைன்ஸ் திரும்பக் கூப்பிட்டா போயிடுவீங்களா?' போக மாட்டேன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. 'வாய்ப்பு வந்தா போவேன் சார், ஆனா மூணு மாசம் முன்னாடியே சொல்லி, வர்ற ஆளுக்கு வேலையைக் கத்துக் கொடுத்துட்டுத்தான் போவேன்' என்று சொல்லுங்க. எதிர்ல உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேக்கிறவ நான். எனக்கு இந்தப் பதில் போதும்.