சாம்பிள்ல இருக்குற வாசனை காத்தோட போகாம ஜிசி வரைக்கும் கொண்டு போறது எப்படி

ஜிசில (கேஸ் குரோமட்டோகிராஃப், ஆவியாகுற காம்பவுண்டுகளை பிரிச்சு அளக்குற மெஷின்) பீக், அதாவது கிராஃப்ல ஒரு காம்பவுண்டைக் காட்டுற மேடு, சின்னதா வந்தா உடனே இன்ஜெக்டர்ல லீக்கா, டிடெக்டர் போச்சான்னு தான் தேடுறோம், ஆனா நிறைய தடவை அந்த காம்பவுண்ட் மெஷின் பக்கம் வர்றதுக்கு முன்னாடியே, சாம்பிளை வெட்டுனதுக்கும் வயலை (மூடி போட்ட சின்ன கண்ணாடி குப்பி) மூடுனதுக்கும் நடுவுலயே பறந்து போயிருக்கும். அசிட்டால்டிஹைடு எல்லாம் 20 டிகிரிலயே கொதிக்குற சரக்கு, டேபிள் மேல திறந்து வச்சா நிக்கவே நிக்காது.

இன்னொரு சிக்கல் இதைவிட மோசம். இல்லாததும் புதுசா உருவாகும். இலையை நறுக்குன உடனே ஒரு பச்சை வாசனை வருதுல்ல, அது முழுசா இருந்த இலைல பெரும்பாலும் கிடையாது, செல் உடைஞ்சதும் லிபாக்ஸிஜினேஸ் என்சைம் வேலை செஞ்சு கொழுப்பு அமிலத்துல இருந்து சில வினாடிக்குள்ள ஹெக்ஸனால் மாதிரி ஐட்டங்களை உண்டாக்கிடுது. நானும் ஆரம்பத்துல ரூம் டெம்பரேச்சர்ல நறுக்கி ரன் பண்ணி, வந்த பீக்கை எல்லாம் செடியோடதுன்னு எழுதி வச்சிருந்தேன், பாதி என் கத்தி உண்டாக்குனது.

அதனால எடுத்த கையோட லிக்விட் நைட்ரஜன்ல போடுங்க, மைனஸ் 196 டிகிரி, என்சைம் அப்படியே நின்னுடும். அரைக்கும்போதும் உருக விடக்கூடாது, உரல், ஸ்பூன், வயல் எல்லாத்தையும் முன்னாடியே குளிர வச்சுக்கோங்க. பவுடரை வயல்ல போட்டதும் சாச்சுரேட்டட் கால்சியம் குளோரைடு கரைசல் ஊத்துனா உருகும்போது என்சைம் திரும்ப கிளம்பாது, உப்பு இருக்குறதால வாசனை காம்பவுண்டும் தண்ணியை விட்டு மேல வரும். ஒரு விஷயம், நைட்ரஜன் முழுசா ஆவியாகாம மூடியை இறுக்கிடாதீங்க, வயல் வெடிக்கும். காத்தோட்டம் இல்லாத ரூம்லயும் வேண்டாம், ஆக்ஸிஜன் குறையுறது நமக்கு தெரியாது.

இன்டர்னல் ஸ்டாண்டர்டை (ஒப்பிட்டு கணக்கு போட, அளவு தெரிஞ்சு சேக்குற காம்பவுண்ட்) கடைசில சேக்குறவங்க நிறைய பேர், அது தப்பு. பவுடரை வயல்ல போட்ட உடனே சேத்துட்டா தான் அதுக்கப்புறம் வழில எவ்வளவு போச்சோ அதே மாதிரி ஸ்டாண்டர்டும் போகும், கணக்கு சரியா வரும். ஹைட்ரஜனுக்கு பதிலா டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) போட்ட அதே காம்பவுண்ட் கிடைச்சா ரொம்ப நல்லது.

ஃப்ரீஸ் ட்ரையர், ஓவன், ரோட்டரி எவாபரேட்டர் மூணும் இந்த வேலைக்கு ஆகாது, தண்ணி போற வழில தான் இதுவும் போகும். விதிவிலக்கு ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது: பிஹெச். அசிட்டிக், பியூட்டிரிக் மாதிரி அமிலங்களை காரமாக்கி வச்சா உப்பா மாறி பறக்காம நிக்கும், அளக்குறதுக்கு முன்னாடி மூடுன வயலுக்குள்ள செப்டம் (மூடில இருக்குற ரப்பர் தகடு) வழியா ஊசில அமிலம் விட்டா திரும்ப வெளிய வரும். டிரைமெத்திலமைன் மாதிரி அமைன்களுக்கு அப்படியே தலைகீழ், அமிலத்துல வச்சு கடைசில காரம் விடணும்.

ஸ்டோர் பண்ண கண்ணாடி வயல், டெஃப்லான் பூசுன செப்டம், மைனஸ் 80. சாதா பிளாஸ்டிக் ட்யூப் காம்பவுண்டை உறிஞ்சிக்கும், தன்னோடதையும் கொஞ்சம் விடும். ரத்தம், யூரின்னா ட்யூப் கிட்டத்தட்ட நிறையுற அளவு எடுங்க, மேல காலி இடம் இருந்தா அங்க போய் உக்காந்து திறந்த உடனே ஓடிடும், ஆனா உறைய வைக்கப் போறீங்கன்னா தண்ணி விரியுறதுக்கு கொஞ்சம் இடம் விடணும். ட்ரை ஐஸ்ல அனுப்பும்போது மூடி லூசா இருந்தா கார்பன் டை ஆக்ஸைடு உள்ள போய் பிஹெச்சை இறக்கிடும்.

ஒவ்வொரு பேட்ச்லயும் சாம்பிளே இல்லாம அதே கரைசல், அதே வயல், அதே நேரம்னு ஒரு பிளாங்க் ஓட்டுங்க, பக்கத்து டேபிள்ல யாராவது அசிட்டோன் திறந்திருந்தா அது அதுல தான் தெரியும்.