24 சொற்களைக் கரையானிடமிருந்தும் காப்பாற்றுங்கள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துத் தம்பிகள் சிலர் பிட்காயினைப் பத்திரமாக வைக்க ஹார்டுவேர் வாலட் என்ற சிறு கருவி வாங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் மீட்புச் சொற்கள் (கருவி தொலைந்தாலும் பணத்தை மீட்க உதவும் 24 சொற்கள்) ஏற்கெனவே எழுதிய அட்டை இருந்தால், அது திருடன் வைத்த பொறி. அந்தக் கருவியைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் கருவிதான் அந்தச் சொற்களைப் புதிதாக உருவாக்கித் தன் திரையில் காட்ட வேண்டும்.

அவற்றைக் கைத்தொலைபேசியில் படம் எடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். தாளில் எழுதுங்கள். தாள் மட்டும் போதாது என்று எனக்குக் கரையான்தான் கற்றுக்கொடுத்தது. பலகை அலமாரியில் வைத்த தாளின் ஓரத்தை அரித்து, இரண்டு சொற்களின் வாலைத் தின்றுவிட்டது. மீட்புச் சொற்கள் எல்லாம் 2048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருபவை; அந்தப் பட்டியலில் முதல் 4 எழுத்துகள் எந்த இரண்டு சொல்லுக்கும் ஒன்றாக வராது, அதனால் தப்பித்தேன். அப்புறம் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் நானே ஆணியால் குத்தி எழுதினேன். கடைக்காரரிடம் கொடுத்துப் பொறிக்கச் சொல்லாதீர்கள், சொற்களைப் பார்த்தவர் பணத்தை எடுத்துவிடலாம்.

பெரிய தொகை போடுமுன் 50 ரிங்கிட் அளவுக்கு அனுப்பி, கருவியில் உள்ள பதிவுகளை மட்டும் அழித்து, சொற்களை வைத்து மீட்டுப் பாருங்கள். பணம் திரும்பத் தெரிந்தால் சரி, மீதியை அனுப்பலாம். கணினியிலோ கைத்தொலைபேசியிலோ தெரியும் பிட்காயின் பெறும் முகவரியை ஒவ்வொரு முறையும் கருவியின் திரையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.