டேற்றா இல்லாமல் வழி காண்பது: ரொறன்ரோவுக்குப் புதிதாக வருபவர்களுக்கான கைத்தொலைபேசி வரைபட வழிகாட்டி

கனடாவுக்கு வந்திறங்கிய முதல் வாரங்களில் பலர் கைத்தொலைபேசிக்கு டேற்றாத் திட்டம் எடுப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். இலங்கையிலோ இந்தியாவிலோ கொடுத்துப் பழகிய கட்டணத்தோடு ஒப்பிட்டால் இங்குள்ள மாதக் கட்டணம் மலைக்க வைக்கிறது. ஆகவே வேலையொன்று அமையும்வரை அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான மலிவுத் திட்டத்தோடு சமாளிப்பது விவேகமான முடிவுதான். ஆனால் டேற்றா இல்லாவிட்டால் கைத்தொலைபேசியைக் கொண்டு வழி கண்டுபிடிக்க முடியாது என்று எண்ணி, மருந்துக்கடைக்குப் போவதற்கும் உறவினரின் காருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நீங்கள் நிற்கும் இடத்தை அறிவது ஒரு வேலை. அந்த இடத்தைச் சுற்றியுள்ள வீதிகளைத் திரையில் காட்டுவது வேறொரு வேலை. முதலாவதற்கு இணையம் வேண்டியதில்லை. இரண்டாவதற்கான வரைபடத்தைப் புறப்படுமுன் தரவிறக்கி வைத்துக்கொண்டால் அதற்கும் வேண்டியதில்லை.

இடத்தை அறியத் துணைசெய்பவை செய்மதிகள். அமெரிக்காவின் ஜிபிஎஸ் செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றிவருகின்றன. இன்றைய கைத்தொலைபேசிகளில் பெரும்பாலானவை அவற்றோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றின் சைகைகளையும் பெறுகின்றன. ஒவ்வொரு செய்மதியும் தன் அணுக்கடிகாரத்தின் நேரத்தையும் தான் இருக்கும் நிலையையும் இடைவிடாமல் ஒலிபரப்ப, குறைந்தது நான்கு செய்மதிகளின் சைகைகள் வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு உங்கள் கைத்தொலைபேசி தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. வானொலிப் பெட்டியைப் போல அது கேட்க மட்டுமே செய்கிறது; செய்மதிக்கு எதையும் அனுப்புவதில்லை. அதனால் கட்டணம் இல்லை, சிம் அட்டையும் அவசியமில்லை. திறந்த வெளியில் பிழை வழக்கமாக ஐந்து மீற்றர் அளவில்தான் இருக்கும். (உங்கள் நடமாட்டத்தைச் செயலி தன் நிறுவனத்துக்கு அனுப்புகிறதா என்பது வேறு விடயம், அதைக் கைத்தொலைபேசியின் அமைப்புகளில் நீங்கள்தான் கட்டுப்படுத்த வேண்டும்.)

முதல் நாளில் மட்டும் சற்றுப் பொறுமை வேண்டும். கொழும்பிலோ சென்னையிலோ அணைத்த கைத்தொலைபேசியை ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் திறக்கும்போது, அது இன்னும் பழைய இடத்திலேயே இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். டேற்றா இருந்தால் செய்மதிகளின் அன்றைய நிலைகளை இணையத்தின் வழியே நொடிகளில் பெற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் அந்த விவரங்களைச் செய்மதிகளிடமிருந்தே மெதுவாகப் பெற வேண்டும். விமான நிலையத்தில் இலவச வைஃபை இருப்பதால் உள்ளே நிற்கும்போதே அதில் இணைந்து வரைபடச் செயலியை ஒருமுறை திறந்துவிடுங்கள். அதன்பின் வெளியே வந்து, வானம் தெரியும் இடத்தில் சில நிமிடங்கள் அசையாமல் நின்றால், வரைபடத்தில் உங்கள் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி சரியான இடத்துக்கு வந்துசேரும். வராவிட்டால் அமைப்புகளைப் பாருங்கள்: இருப்பிட அனுமதி கொடுக்கப்பட்டிருக்க வேண்டும், ஐபோனில் துல்லியமான இருப்பிடம் என்ற தெரிவும் திறந்திருக்க வேண்டும். சில அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகளில் மின்சேமிப்பு முறை, திரை அணைந்ததும் இருப்பிடம் அறிவதை நிறுத்திவிடும்.

வரைபடங்களைத் தரவிறக்க ரொறன்ரோ பொது நூலகக் கிளைகளின் வைஃபை போதும். நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் எங்கே குடியேறினாலும் அருகில் ஒரு கிளை இருக்கும், அங்கத்துவ அட்டை இல்லாமலே போய் அமரலாம். கூகுள் வரைபடத்தில் உங்கள் கணக்குப் படத்தைத் தொட்டு, இணையமில்லா வரைபடங்கள் என்ற பகுதிக்குள் சென்றால், சதுரம் ஒன்றைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் வேண்டிய பரப்பைத் தெரிவுசெய்யலாம். ரொறன்ரோவை மட்டும் எடுக்காமல் மார்க்கம், பிக்கரிங், ஏஜாக்ஸ், பிரம்ப்டன், மிசிசாகா ஆகியவற்றையும் சேர்த்து எடுங்கள். வேலை நேர்முகம் எந்த நகரில் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் கூகுள் இணையமின்றிக் கார் ஓட்டும் வழியை மட்டுமே சொல்லும். நடைவழியும் பேருந்து வழியும் கிடைக்காது. வாகன நெரிசலும் மாற்றுப் பாதைகளும் தெரியா. புதிதாக வந்தவரிடம் கார் இருப்பதில்லை என்பதால் இது சிறிய குறையன்று.

ஆகவே கூகுளோடு ஓர்கானிக் மாப்ஸ் என்ற செயலியையும் வைத்திருக்கும்படி நான் சொல்வேன். 2004ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் தொடங்கி, உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் வரைந்துவரும் ஓப்பன் ஸ்ட்ரீட் மாப் தரவுகளில் அது இயங்குகிறது. விளம்பரம் இல்லை, இலவசம், நடைவழியை இணையமின்றியே காட்டும். பூங்காக்களுக்கும் தொடர்மாடிகளுக்கும் நடுவே செல்லும் ஒற்றையடிப் பாதைகள் அதில் பல இடங்களில் கூகுளைவிட நன்றாகவே பதிவாகியுள்ளன. பனிக்காலத்தில் பத்து நிமிட நடையைச் சுருக்கும் குறுக்குப் பாதையின் மதிப்பை விரைவில் உணர்வீர்கள். கடைகளின் பெயரையும் திறக்கும் நேரத்தையும் தேடுவதற்குக் கூகுள்தான் மேல். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு, 2023இல் வந்த ஐஓஎஸ் 17 முதல் அப்பிள் வரைபடத்திலும் இணையமில்லா வசதி உண்டு.

வரைபடம் கையில் இருந்தும் தவறான வாசலில் போய் நிற்பவர்கள் பெரும்பாலும் முகவரியில்தான் தடுமாறுகிறார்கள். இங்கு 1205-30 என்று எழுதியிருந்தால் 30 என்பதே கட்டடத்தின் இலக்கம். முன்னால் உள்ளது அந்தக் கட்டடத்துக்குள் இருக்கும் வீட்டின் இலக்கம். வரைபடத்தில் 30ஐயும் வீதியின் பெயரையும் மட்டும் இட வேண்டும். அடுத்ததாகத் திசை. எக்ளின்டன், லோறன்ஸ், ஷெப்பர்ட், ஃபிஞ்ச் போன்ற நீண்ட வீதிகள் யங் வீதியில் கிழக்கு, மேற்கு என்று பிரிகின்றன. இலக்கங்களும் அங்கிருந்தே இருபுறமும் ஏறுகின்றன. ஆகவே ஒரே இலக்கம் கிழக்கில் ஒன்றும் மேற்கில் ஒன்றுமாக இருக்கும். ஸ்காபரோ முழுவதும் யங் வீதிக்குக் கிழக்கே இருப்பதால், அங்கே போகும்போது மேற்கு என்று திரையில் தெரிந்தால் உடனே நிறுத்திச் சரிபாருங்கள். மார்க்கம் என்ற பெயரிலோ மூன்று பொறிகள் உள்ளன: மார்க்கம் றோட் ஸ்காபரோவின் ஊடாகச் செல்வது, மார்க்கம் நகரம் ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே உள்ளது, மார்க்கம் ஸ்ட்ரீட் நகர மையத்துக்கு மேற்கே உள்ள சிறிய வீதி. நம்மவர்கள் வழி சொல்லும்போது வெறுமனே மார்க்கம் என்பார்கள். எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

எழுத்தும் எண்ணும் மாறி மாறி வரும் ஆறு இலக்க அஞ்சற் குறியீடு, எம் என்ற எழுத்தில் தொடங்கினால் அது ரொறன்ரோ. எம்1 என்று தொடங்கினால் ஸ்காபரோ. நகருக்குள் ஒரு குறியீடு பெரும்பாலும் வீதியின் ஒரு பக்கத்துத் துண்டையோ ஒரு பெரிய கட்டடத்தையோ குறிக்கும் அளவுக்கு நுணுக்கமானது. இணையத்தோடு கூகுளில் தேடும்போது அதை இடுங்கள். ஓர்கானிக் மாப்ஸில் கனடியக் குறியீடுகள் நிறைவாக இல்லாததால் அங்கே கட்டட இலக்கமும் வீதியுமே கைகொடுக்கும். நம்மவர்கள் இடத்தைச் சந்திகளால்தான் அடையாளம் சொல்கிறார்கள்: மார்க்கமும் எல்ஸ்மியரும், மக்நிக்கலும் மிடில்ஃபீல்டும் என்று. அந்த இரு வீதிகளும் வெட்டும் புள்ளியை விரலால் அழுத்திப் பிடித்தால் குறி விழும். அதைப் பெயரிட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். வீடு, குடும்ப மருத்துவர், பிள்ளைகளின் பள்ளி, அரச சேவைகளுக்கான சேர்விஸ் கனடா அலுவலகம் ஆகியவற்றை வைஃபை உள்ளபோதே இவ்வாறு குறித்து வைத்தால் வெளியே நின்று தேட வேண்டியிராது. எல்ஸ்மியர், ஷெப்பர்ட், ஃபிஞ்ச், ஸ்டீல்ஸ் ஆகியவை வரிசையாக ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் இடைவெளியில் அமைந்துள்ளன என்பதையும் மனத்தில் வையுங்கள். ஒரு பெரிய வீதியிலிருந்து அடுத்த பெரிய வீதிக்கு நடக்க ஏறத்தாழ அரை மணிநேரம் எடுக்கும்.

பேருந்தில் செல்பவர்கள் புறப்படுமுன் வழியைப் பார்த்து, திரையைப் படமெடுத்துச் (ஸ்கிரீன்ஷொட்) சேமித்துக்கொள்வதே எளிது. 102 மார்க்கம் றோட், 54 லோறன்ஸ் ஈஸ்ட், 39 ஃபிஞ்ச் ஈஸ்ட் என்று ரொறன்ரோவின் பொதுப் போக்குவரத்துச் சேவையான ரிரிசியின் பேருந்துகளில் பல தாம் ஓடும் வீதியின் பெயரையே கொண்டிருப்பதால், நீலப்புள்ளி திரையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டு வந்தாலே இறங்க வேண்டிய நிறுத்தம் நெருங்குவது தெரிந்துவிடும். வரைபடத்தின் மொழியைத் தமிழுக்கு மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. வீதிப்பலகைகள் ஆங்கிலத்தில் இருக்கும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு.

கார் ஓட்டத் தொடங்கியதும் விடயம் கடுமையாகிறது. ஒன்ராறியோவில் ஓட்டும்போது கைத்தொலைபேசியைக் கையில் பிடிப்பது சட்டவிரோதம். ஜி எனப்படும் முழு ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கு முதல் குற்றத்துக்கே 1,000 டொலர் வரை தண்டமும் மூன்று நாள் அனுமதி இடைநிறுத்தமும் உண்டு. ஜி1, ஜி2 நிலையில் உள்ள புதியவர்களுக்கு அந்த இடைநிறுத்தம் 30 நாட்கள். ஆகவே காரில் உறுதியான தாங்கியொன்றைப் பொருத்தி, நகருமுன்பே இலக்கை இட்டுவிடுங்கள். அத்தோடு கட்டணச் சாலைகளைத் தவிர்க்கும் தெரிவையும் திறந்து வையுங்கள். 407 நெடுஞ்சாலையில் நிறுத்திப் பணம் வாங்கும் சாவடிகள் கிடையா. எண்தகட்டைக் கமெரா படமெடுக்க, பட்டியல் பின்னர் வாகன உரிமையாளருக்குப் போய்ச் சேரும். இரவல் காரில் செயலி காட்டிய வழியே சென்றவரின் பட்டியலை மாமாதான் திறந்து பார்ப்பார்.

401 நெடுஞ்சாலையில் விரைவுத் (எக்ஸ்பிரஸ்) தடங்களும், வெளிவழிகளுக்கு இட்டுச்செல்லும் சேகரிப்புத் (கலெக்ரர்) தடங்களும் அருகருகே ஓடுகின்றன. நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்பதைச் செய்மதிச் சைகையால் எப்போதும் பிரித்தறிய முடியாது. விரைவுத் தடத்தில் நிற்பவரை அடுத்த வெளிவழியில் திரும்பும்படி செயலி சொல்லிக்கொண்டிருக்கும். அங்கே தலைக்கு மேலுள்ள பலகைகளை நம்புங்கள்: விரைவுத் தடங்களுக்குப் பச்சை, சேகரிப்புத் தடங்களுக்கு நீலம். வெளிவழி தவறினால் அடுத்ததில் இறங்கலாம், செயலி புது வழி போட்டுக்கொள்ளும்.

நயாகராவுக்குப் போகும்போது அப்படி விட்டுவிட முடியாது. உறவினர் வந்தால் முதலில் அழைத்துச் செல்லும் இடம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நயாகரா ஃபோல்ஸ் என்ற பெயரில் ஆற்றின் இரு கரைகளிலும் இரு நகரங்கள் உள்ளன. ஒன்று ஒன்ராறியோவில், மற்றது நியூயோர்க் மாநிலத்தில். இலக்கை இடும்போது ஒன்ராறியோ என்று இருப்பதை உறுதிசெய்யுங்கள். கியூஇடபிள்யூ நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் 405, அமெரிக்காவுக்குக் கடக்கும் குவீன்ஸ்டன்–லூயிஸ்டன் பாலத்துக்குச் செல்கிறது. நகருக்குள் செல்லும் 420இன் நேர்வழி, அதேபோல எல்லை கடக்கும் ரெயின்போ பாலத்தை நோக்கிப் போகிறது. கியூஇடபிள்யூவிலேயே தொடர்ந்து சென்றால் ஃபோர்ட் ஈரியில் மூன்றாவது எல்லைப் பாலமான பீஸ் பாலம். பாலத்துக்கான தடத்தில் ஏறியவர் பெரும்பாலும் அமெரிக்க அதிகாரியைச் சந்தித்த பின்னரே திரும்ப முடியும். திரும்பியதும் கனடிய அதிகாரிக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். அமெரிக்க விசா இல்லாதவருக்கு இது தலைவலி; அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவருக்கு அதைவிடப் பெரிய சிக்கலாகலாம். ஆகவே திரையில் ஆற்றைக் கடக்கும் கோடு தெரிகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பாலம், அமெரிக்கா என்ற பலகைகளைக் கண்டால் செயலி என்ன சொன்னாலும் அந்தத் தடத்தைவிட்டு விலகுங்கள். டேற்றா எடுத்திருப்பவர்கள் அங்கே ரோமிங்கை அணைத்து வையுங்கள். கைத்தொலைபேசி அக்கரையிலுள்ள அமெரிக்கக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால் கட்டணம் ஏறும். நீலப்புள்ளிக்கு எந்தக் கோபுரமும் தேவையில்லை.

நிலத்துக்குக் கீழே செய்மதிச் சைகை வராது. நிலக்கீழ் ரயிலிலும், நகர மையத்துக் கட்டடங்களை இணைக்கும் பாத் எனப்படும் நிலக்கீழ் நடைபாதையிலும் சுவர்ப் பலகைகளையே பின்பற்ற வேண்டும். மேலே ஏறினாலும் பே வீதியின் உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் தெறித்து வரும் சைகைகளால் புள்ளி அடுத்த வீதிக்குத் தாவும். ஒரு சந்திவரை நடந்து பெயர்ப்பலகையைப் பார்த்தால் தெளிவாகிவிடும். உறைகுளிரில் மின்கலம் விரைவில் தளர்ந்து கைத்தொலைபேசி திடீரென அணையக்கூடும் என்பதால் அதை உட்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். வரைபடங்களை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும்: கெனடி நிலையத்திலிருந்து ஸ்காபரோ சென்ரருக்கு ஓடிய மூன்றாம் இலக்க ரயில் பாதை 2023 ஜூலையில் நின்றுபோனது, அதற்கு முன் தரவிறக்கிய வரைபடத்தில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

அவசரத்துக்கு 911ஐ, சேவைத்திட்டம் இல்லாத கைத்தொலைபேசியிலிருந்தும் அழைக்கலாம். அவர்கள் முதலில் கேட்பது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைத்தான். அருகிலுள்ள இரு வீதிகளின் பெயரைச் சொல்லுங்கள். பெயர் தெரியாத பூங்காவிலோ நெடுஞ்சாலை ஓரத்திலோ இருந்தால் வரைபடத்தில் உங்கள் புள்ளியைத் தொட்டு, அங்கே தெரியும் அகலாங்கு, நெட்டாங்கு எண்களை வாசியுங்கள். ஐபோனின் திசைகாட்டிச் செயலியிலும் அவை தெரியும். ரொறன்ரோவில் முதல் எண் 43 என்றும் இரண்டாவது எண் 79 என்றும் தொடங்கும். இரண்டாவதன் முன் கழித்தல் குறியோ மேற்கு என்ற சொல்லோ இருக்கும். கொழும்பும் 79 பாகையில்தான் இருக்கிறது, ஆனால் கிழக்கே. குறுஞ்செய்தியில் உறவினருக்கு அனுப்பும்போது அந்தக் கழித்தல் குறி விடுபட்டால் அவரது வரைபடம் உங்களைக் கஸக்ஸ்தானில் காட்டும்.