டார்ட்டரஸை வரைபடமாக வரைவது எப்படி?

கிரேக்கப் பாதாள உலகத்தை வரைய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் பெயரிலேயே சறுக்கிவிடுகிறார்கள். ஹேடீஸ் என்ற இடத்தில் ‘நரகம்’ என்று எழுதிவிடுகிறார்கள். நல்லவர், கெட்டவர், வீரர், அடிமை என்ற பேதம் இல்லாமல் செத்தவர் எல்லோரும் போய்ச் சேரும் இடம்தான் ஹேடீஸ். அதை ஆளும் கடவுளுக்கும் அதே பெயர். டார்ட்டரஸ் அதற்கும் கீழே கிடக்கும் படுகுழி. தாளில் இரண்டுக்கும் தனித்தனி இடம் வேண்டும்.

அளவைப் பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியடே தருகிறார். ஒரு வெண்கலப் பட்டடையை வானத்திலிருந்து போட்டால் ஒன்பது இரவும் பகலும் விழுந்து பத்தாம் நாள் பூமியைத் தொடும். பூமியிலிருந்து போட்டால் அதே கணக்கில் டார்ட்டரஸைத் தொடும். 42 செ.மீ. உயரமுள்ள ஏ3 தாளை நெட்டாக வைத்து, நடுவில் பூமிக்கு ஒரு கோடு போடுங்கள். நாளுக்கு 2 செ.மீ. என்று கொண்டால் மேலே 18, கீழே 18. மிச்சமுள்ள மேல் 3 செ.மீ. வானம், அடி 3 செ.மீ. டார்ட்டரஸ். அந்த அடிப்பட்டையைச் சுற்றி வெண்கல வேலியும், அதன் கழுத்தில் மூன்று வரிசையாக இருளும் வர வேண்டும். உள்ளே, ஸியூஸிடம் தோற்ற மூத்த கடவுள்களான டைட்டன்கள். கதவு கடல் கடவுள் பொசைடன் போட்டது. காவல் காட்டஸ், பிரியாரியோஸ், கைஜஸ் என்ற நூறு கை அண்ணன் தம்பிகள் மூவர்.

ஹேடீஸைப் பூமிக்கோட்டுக்குக் கீழே 2 செ.மீ. பட்டையாக வரையலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தை ஹோமரின் ‘இலியட்’ காவியம் ஹேடீஸுக்கும் டார்ட்டரஸுக்கும் இடையில் வைக்கிறது. ஹெசியடின் கணக்கோடு இதைச் சேர்த்தால் ஹேடீஸுக்கு இடமே மிஞ்சாது. இரண்டையும் இழுத்துப் பொருத்த வேண்டாம்; ஹோமரின் அளவை ஓரத்தில் பென்சிலால் குறித்தால் போதும்.

அடுத்தது தண்டனை பெறுபவர்கள். எல்லோரையும் டார்ட்டரஸுக்குள் அடைப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. ஹோமரின் இன்னொரு காவியமான ‘ஒடிசி’யின் 11ஆம் காண்டத்தில் வரும் மூவரும் ஹேடீஸில்தான் இருக்கிறார்கள், டார்ட்டரஸ் என்ற சொல்லே அங்கே இல்லை. டிட்யோஸ் ஒன்பது பிளெத்ரா நீளத்துக்குக் கிடக்கிறான் (ஒரு பிளெத்ரான் நூறு அடி). இரு பக்கமும் இரண்டு கழுகுகள் ஈரலைக் கிழிக்கின்றன. டான்டலஸ் முகவாய் வரை தண்ணீரில் நிற்கும் கிழவன். அவன் குனிந்ததும் தண்ணீர் வற்றி, காலடியில் கரிய மண் தெரியும். அந்தக் கணத்தை வரையுங்கள். பேரி, மாதுளை, ஆப்பிள், அத்தி, ஆலிவ் கிளைகள் தலைக்கு மேலே காற்றில் எகிறட்டும். அவன் தலைக்கு மேல் பாறை தொங்குவது பிண்டார் என்ற கவிஞர் சொல்லும் தண்டனை. ஒரே படத்தில் தண்ணீரையும் பாறையையும் கலந்தால் எந்த நூலின் டான்டலஸ் என்று யாராலும் சொல்ல முடியாது. சிசிஃபஸுக்குக் கையும் காலும் ஊன்றிப் பெரும் பாறையை மேட்டில் தள்ளும் நிலை, உடம்பில் வழியும் வியர்வை, தலையிலிருந்து எழும் புழுதி. ஹோமர் இவ்வளவும் கொடுத்துவிட்டார், சிசிஃபஸ் செய்த குற்றத்தை மட்டும் சொல்லவில்லை.

இக்சியான் கட்டப்பட்டிருக்கும் சிறகு முளைத்த சக்கரம் பிண்டாரில் எங்கும் சுழன்று திரிகிறது. அதைப் பாதாளத்தில் வைக்காதீர்கள். ஹேடீஸின் காவல் நாயான கெர்பெரஸுக்கு ஹெசியட் தருவது ஐம்பது தலை. மூன்று தலைதான் வேண்டுமென்றால் பிற்கால வழக்கைப் பின்பற்றுவதாக அருகில் எழுதிவிடுங்கள்.

தத்துவ அறிஞர் பிளேட்டோவின் ‘ஃபீடோ’ நூலுக்கு இந்தத் தாள் உதவாது. அவருடைய டார்ட்டரஸ் அடியில் கிடக்கும் சிறை அல்ல. பூமியை ஊடுருவிப் போகும் துளை, ஆறுகள் எல்லாம் வந்து விழும் இடம். புதுத் தாளில் பூமிக்கு ஒரு வட்டம் போட்டு, குறுக்கே துளையை வரையுங்கள். பைரிஃபிளெகெதான், கோகைட்டஸ் என்ற இரண்டு ஆறுகளும் எதிரெதிர்ப் பக்கமாகச் சுருண்டு அக்கரூசிய ஏரியை நெருங்க வேண்டும், ஆனால் தண்ணீர் கலக்கக் கூடாது. கோபத்தில் கொலை செய்து பிறகு வருந்தியவர்களை ஓராண்டு கழித்து அலை வெளியே தள்ளும். கோகைட்டஸ் அவர்களை அந்த ஏரியோரம் கொண்டுவரும். பெற்றோரை அடித்தவர்களைச் சுமந்து வருவது பைரிஃபிளெகெதான். தாங்கள் கொன்றவர்களை, தங்களால் கொடுமைப்பட்டவர்களைக் கூவி அழைத்து, ஏரிக்குள் வர விடும்படி கெஞ்சுவார்கள். பாதிக்கப்பட்டவர்கள் மனம் இரங்கினால் விடுதலை, இல்லாவிட்டால் மறுபடியும் டார்ட்டரஸ். ஆகவே ஏரியிலிருந்து துளைக்குத் திரும்பும் அம்பு ஒன்றும் போட வேண்டும். திருந்தவே மாட்டாதவர்களுக்கு உள்ளே போகும் அம்பு மட்டும்தான்.