எக்ஸெல்ல காலி செல் இருந்தா ஃபார்முலா சொதப்பாம இருக்க

பில் தேதி பி காலம்ல, பணம் வந்த தேதி சி காலம்ல, எத்தனை நாள் ஆச்சுன்னு டி காலம்ல =சி2-பி2 போட்டு இழுத்து விட்டுருப்பீங்க, பணம் வராத பில்லுக்கு மட்டும் -45658னு ஏதோ வந்து நிக்கும். காரணம் சிம்பிள், எக்ஸெல் காலி செல்லை 0ன்னு எடுத்துக்கும், 1-1-2025ங்கிற தேதி அதுக்கு உள்ளுக்குள்ள 45658ங்கிற நம்பர்தான்.

அதுக்கு =இஃப்(சி2="","",சி2-பி2) போதும், சி காலியா இருந்தா இதுவும் காலியாவே காட்டும். செல் காலியான்னு பாக்க நிறைய பேர் இஸ்பிளாங்க்ங்கிற ஃபங்ஷனை சொல்லுவாங்க, ஆனா அந்த செல்லுல ஒரு ஃபார்முலா இருந்து அது "" குடுத்துச்சுன்னா இஸ்பிளாங்க் அதை காலின்னு ஒத்துக்காது, அதனால நான் எப்பவும் =""தான். யாராச்சும் ஸ்பேஸ் பாரை தட்டி வெச்சிருந்தா இதுவும் ஏமாந்துரும், அப்ப சி2="" இருக்குற இடத்துல, ஸ்பேஸை வெட்டிட்டு பாக்குற டிரிம்(சி2)="" போடுங்க.

இப்ப முக்கியமான விஷயம். அடுத்த காலம்ல =இஃப்(டி2>30,"லேட்","ஓகே") போட்டா, காலியா தெரியுற வரிக்கெல்லாம் "லேட்"னு வரும்! ஏன்னா "" ஒரு டெக்ஸ்ட், எக்ஸெல் கணக்குல டெக்ஸ்ட் எந்த நம்பரையும் விட பெருசு (என்ன லாஜிக்கோ). அதனால அங்கயும் முதல்ல காலி செக் வெச்சு =இஃப்(டி2="","பெண்டிங்",இஃப்(டி2>30,"லேட்","ஓகே"))னு எழுதுங்க.

"" போடுற இடத்துல சோம்பேறித்தனமா 0 போட்டுறாதீங்க, ஆவரேஜ் எடுக்கும்போது 0வையும் சேத்து எண்ணிரும், ""ஐ விட்டுரும்.