வாக்கர் என்ற குடும்பப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி?

ஸ்மித், பேக்கர், டெய்லர் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயர்களைப் பார்த்ததும் தொழில் தெரிந்துவிடும். வாக்கர் கொஞ்சம் மறைத்து வைக்கும். அதனால்தான் முதன்முதலில் பழகிப் பார்க்க அதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

1. முதலில் தொழிலைப் பிடியுங்கள். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கோடு தளர்வாக இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீரையோ கரைத்த களிமண்ணையோ ஊற்றி, வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். சிறுநீரில் உண்டாகும் அம்மோனியா பிசுக்கை எடுக்கும். மிதிக்க மிதிக்க இழைகள் சிக்கிச் சுருங்கி, துணி கெட்டியாகும். அப்புறம் சட்டத்தில் கொக்கி மாட்டி இழுத்துக் காயப்போடுவார்கள். இப்படித் துணியின் மேல் நடந்து பிழைத்தவர்தான் வாக்கர். 12ஆம் நூற்றாண்டிலிருந்து தண்ணீரில் ஓடும் ஆலைகள் அந்த மிதியைச் செய்யத் தொடங்கின. ஆலைக்காரரையும் ஊர் வாக்கர் என்றே அழைத்தது.

2. அடுத்து வரைபடத்தை விரியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. இதே தொழிலாளியை இங்கிலாந்தின் வடக்கே வாக்கர் என்றார்கள், தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். தென்மேற்கிலுள்ள எக்ஸிடர் நகரில் இந்தத் தொழிலாளர் சங்கத்துக்காக 1471இல் கட்டிய டக்கர்ஸ் ஹால் இன்றும் நிற்கிறது. பெயரை வைத்தே மூதாதையர் எந்தப் பக்கத்துக்காரர் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

3. பழைய பதிவுகளைப் பாருங்கள். யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதியில் 1379இல் எடுத்த தலைவரி (ஆள் கணக்கில் வசூலித்த வரி) பட்டியலில் பலருடைய பெயரோடு தொழிலும் இருக்கிறது. வாக்கர் என்ற பெயருக்குப் பக்கத்தில் வேறு தொழில் எழுதியிருந்தால், பெயர் அப்பாவிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ வந்திருக்கலாம்.

4. குறிப்பிட்ட ஒரு குடும்பத்தைத் தேடுகிறீர்களா? இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடலாம். இங்கிலாந்தில் அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்குகிறது. அதற்கு முன்னே போக தேவாலயப் பதிவேடுகள்தான் கதி. அவற்றை வைக்கும்படி ஆணை வந்தது 1538இல். நடுவில் ஒரு தலைமுறை விட்டுப்போனால், தாண்டிக் குதிக்காமல் அங்கேயே நின்று தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கம்பளி நெய்த ஊர் ஒவ்வொன்றிலும் துணி மிதிக்க ஆள் வேண்டியிருந்தது. அதனால் பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டு வாக்கர் குடும்பங்களை ஒரே குடும்ப மரத்தில் சேர்த்துவிடாதீர்கள். ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயர் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு கோடு போடுங்கள்.