ஏப்ரலில் தொடங்கி தீபாவளியில் சூடு பிடிக்கும் கணக்குக்கு ஒரு எக்செல் டாஷ்போர்டு

பிவட் டேபிள் போடத் தெரியும், சார்ட்டும் போடத் தெரியும், ஆனால் எல்லாம் ஒரே பக்கத்தில் அமர்ந்து பட்டனைத் தட்டினால் மாறுகிற டாஷ்போர்டு மட்டும் கைகூடவில்லை என்பவர்களுக்கு இந்தப் பதிவு. இதற்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் ஆண்டு ஜனவரியில் தொடங்கும், தொகை மில்லியனில் இருக்கும், சீசன் டிசம்பரில் வரும். நம் கணக்கு ஏப்ரலில் தொடங்குகிறது, லட்சத்தில் பேசுகிறது, தீபாவளியோ வருஷத்துக்கு வருஷம் தேதி மாறுகிறது. இந்த மூன்றையும் கவனிக்காமல் எவ்வளவு வண்ணம் பூசினாலும், முதலாளி ஒரு தடவை பார்த்துவிட்டுப் பழைய நோட்டுக்கே திரும்பிவிடுவார்.

உதாரணத்துக்கு ஈரோடு, கரூர், சேலம் மூன்று ஊர்களிலும் கிளை உள்ள ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் கடைதான். விண்டோஸில் ஓடும் எக்செல் 2016 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். மேக் எக்செல்லில் டேட்டா மாடல் (பல அட்டவணைகளை ஃபைலுக்குள்ளேயே சேமித்து இணைக்கும் வசதி) கிடையாது, அதனால் கீழே சொல்வதில் பாதி அங்கே நடக்காது.

படி 1: மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்

கணினியைத் திறக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. போன தீபாவளியோடு ஒப்பிட்டால் இந்தத் தீபாவளிக்கு முன்னே இருக்கிறோமா? எந்தக் கிளையில் எந்தப் பிரிவு தேங்குகிறது? வியாபாரம் கூடியும் லாபம் ஏன் கூடவில்லை? நம் கடைக்கு இந்த மூன்று போதும். இவற்றுக்குப் பதில் சொல்லாத எந்த சார்ட்டும் பக்கத்தில் இடம்பெற வேண்டாம்.

படி 2: மாதாமாதம் காப்பி, பேஸ்ட் செய்வதை நிறுத்துங்கள்

பில்லிங் மென்பொருளிலிருந்து மாதம் ஒரு ஃபைல் எடுப்பீர்கள். அவை எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். காலம் (column, நெடுவரிசை) தலைப்புகள் எல்லா ஃபைலிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்: தேதி, பில் எண், கிளை, பிரிவு, விற்பனை, அடக்கம். விற்பனைத் தொகையை ஜிஎஸ்டி நீங்கலாக எடுங்கள். வரியாக வாங்கும் பணம் கடையின் வருமானம் ஆகாது. ரிட்டர்ன் வந்த சரக்கு மைனஸ் தொகையாகவே வரட்டும்.

இனி எக்செல்லில் டேட்டா, கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், ஃப்ரம் ஃபோல்டர் என்று போய் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். 'கம்பைன் அண்ட் டிரான்ஸ்ஃபார்ம்' கொடுத்தால், டேட்டாவைச் சுத்தம் செய்யும் பவர் குவெரி திறக்கும். அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இதுதான்.

முதலில் தேதி. 05-06-2025 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினிக்கு அது மே 6. இதில் எரிச்சலான விஷயம், எல்லாத் தேதிக்கும் பிழை என்று வராது. 13 முதல் 31 வரையிலான தேதிகள் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும், 12 வரை உள்ளவை சத்தமில்லாமல் வேறு மாதத்துக்குப் போய்விடும். அதனால் தேதி காலத்தின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து, சேஞ்ச் டைப், யூசிங் லோகேல் போய், வகை 'டேட்', லோகேல் 'இங்கிலீஷ் இந்தியா' என்று கொடுங்கள். பில்லில் நேரமும் சேர்ந்து வந்தால் அதையும் கழற்றிவிட்டுத் தேதியை மட்டும் வையுங்கள். ஏன் என்பது படி 4 இல் புரியும்.

அடுத்து கிளைப் பெயர். 'ஈரோடு' என்று ஒருவர் அடித்திருப்பார், பின்னால் ஒரு ஸ்பேஸ் விட்டு இன்னொருவர் அடித்திருப்பார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் கடைசியில் இரண்டு ஈரோடு பட்டன்கள் வந்து நிற்கும். டிரான்ஸ்ஃபார்ம், ஃபார்மட், டிரிம் கொடுத்தால் ஸ்பேஸ் போய்விடும். எழுத்துப் பிழைகளுக்கு ரீபிளேஸ் வேல்யூஸ்.

மூன்றாவது பில் எண். ஒரே பில்லில் சேலை, வேட்டி, ரெடிமேட் என்று பல வரிகள் இருக்கும், எனவே வரிகளை எண்ணினால் பில் எண்ணிக்கை கிடைக்காது. வேறு வேறு பில் எத்தனை என்று எண்ணலாம் என்றால், ஈரோட்டிலும் 1001 இருக்கும், கரூரிலும் இருக்கும், அடுத்த நிதியாண்டில் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். தேதி, கிளை, பில் எண் மூன்றையும் தேர்ந்தெடுத்து, ஆட் காலம் டேப்பில் உள்ள மெர்ஜ் காலம்ஸ் மூலம் 'பில் அடையாளம்' என்று புதிய காலம் ஒன்று உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் 'குளோஸ் அண்ட் லோட் டு' போய், 'ஒன்லி கிரியேட் கனெக்‌ஷன்' தேர்ந்தெடுத்து, அடியில் டேட்டா மாடலில் சேர்க்கச் சொல்லும் பெட்டியையும் டிக் செய்யுங்கள். ஷீட்டில் எதுவும் கொட்டாது. ஒரு எக்செல் ஷீட்டில் 10,48,576 வரிசைகள்தான் அடங்கும், டேட்டா மாடலுக்கு அந்த வரம்பு இல்லை. அடுத்த மாத ஃபைலை ஃபோல்டரில் போட்டு 'ரெஃப்ரெஷ் ஆல்' தட்டினால் போதும்.

படி 3: நாட்காட்டி அட்டவணை

புதுசாகக் கற்பவர்கள் தாண்டிக் குதிக்கிற படி இது. என்னைக் கேட்டால் டாஷ்போர்டின் உயிரே இதில்தான் இருக்கிறது.

தனி ஷீட்டில் 1-4-2023 தொடங்கி 31-3-2026 வரை நாளுக்கு ஒரு வரிசை போடுங்கள். 2024 லீப் ஆண்டு என்பதால் மொத்தம் 1,096 வரிசைகள் வரும். ஹோம் டேப்பில் ஃபில், சீரீஸ் கொடுத்தால் நொடியில் நிரம்பிவிடும்.

நிதியாண்டு கண்டுபிடிக்க நீளமான இஃப் ஃபார்முலா எதுவும் வேண்டாம். தேதியை 3 மாதம் பின்னுக்குத் தள்ளிவிடுங்கள். இடேட் (EDATE) ஃபார்முலாவுக்குள் தேதியையும் மைனஸ் 3 ஐயும் கொடுத்தால் ஏப்ரல் 2024 ஜனவரி 2024 ஆகும், மார்ச் 2025 டிசம்பர் 2024 ஆகும். அதன் மேல் இயர் ஃபார்முலா போட்டால் இரண்டுக்கும் 2024 வரும், அதாவது 2024-25 நிதியாண்டு. அதே தள்ளிய தேதியின் மேல் மன்த் போட்டால் ஏப்ரலுக்கு 1, மார்ச்சுக்கு 12. அதை 3 ஆல் வகுத்து ரவுண்ட்அப் செய்தால் நம் காலாண்டு. எக்செல் தானாகப் பிரித்துத் தரும் காலாண்டை நம்பினால் ஏப்ரல் இரண்டாம் காலாண்டில் போய் உட்காரும்.

மாதப் பெயரை '01 ஏப்ரல்', '02 மே' என்று எண்ணோடு சேர்த்து வையுங்கள். 12 வரியில் ஒரு பட்டியல் போட்டு விலுக்கப் (VLOOKUP) செய்தால் ஆயிற்று. எண் இல்லாவிட்டால் சார்ட்டில் மாதங்கள் வரிசை மாறித்தான் நிற்கும்.

இப்போது தீபாவளி. 2023 இல் நவம்பர் 12, 2024 இல் அக்டோபர் 31, 2025 இல் அக்டோபர் 20. அதாவது 2023 இன் கடைசி நேரக் கூட்டம் நவம்பரில் வந்தது, 2024 இல் அக்டோபரோடு முடிந்துவிட்டது. மாதத்தோடு மாதத்தை வைத்துப் பார்த்தால் 2024 அக்டோபர் அமோகம், நவம்பர் படுமோசம் என்று டாஷ்போர்டு சொல்லும். இரண்டையும் நம்ப முடியாது. அதற்காக இன்னொரு காலம்: 'தீபாவளிக்கு நாள்'. நிதியாண்டு எண்ணையும் அதன் தீபாவளித் தேதியையும் சின்னப் பட்டியலாக வைத்து, நாட்காட்டித் தேதியிலிருந்து தீபாவளித் தேதியைக் கழியுங்கள். பண்டிகை நாளுக்கு 0 வரும், பத்து நாள் முன்னால் மைனஸ் 10. பக்கத்திலேயே 'சீசன்' என்றொரு காலம் வைத்து, மைனஸ் 45 முதல் 0 வரை 'தீபாவளி' என்று குறித்துவிடுங்கள். ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும் ஆடித் தள்ளுபடிக்கும், பொங்கலுக்கும் இதே காலத்தில் பெயர் கொடுக்கலாம்.

கடைசியாக எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் டி (Ctrl+T) தட்டி டேபிள் ஆக்கி, 'நாட்காட்டி' என்று பெயர் வையுங்கள்.

படி 4: இரண்டையும் இணைத்தல்

டேட்டா டேப்பில் ரிலேஷன்ஷிப்ஸ் திறந்து, பில்களிலிருந்து எடுத்த விற்பனை டேபிளின் தேதியையும் நாட்காட்டியின் தேதியையும் இணையுங்கள். பிறகு இன்சர்ட், பிவட் டேபிள், ஃப்ரம் டேட்டா மாடல். நிதியாண்டை நாட்காட்டியிலிருந்தும் தொகையை விற்பனையிலிருந்தும் இழுத்துப் போட்டுப் பாருங்கள். 'பிளாங்க்' என்று ஒரு வரிசை தலைகாட்டினால், அந்தத் தொகைக்குரிய தேதிகள் நாட்காட்டியில் மாட்டவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் தேதியோடு நேரம் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம்.

படி 5: பிவட்டுகளும் லாப சதவீதமும்

பிவட்டுகளை எல்லாம் தனி ஷீட்டில் வைத்து, டாஷ்போர்டு ஷீட்டில் சார்ட்டுகளை மட்டும் வையுங்கள். கிளை வாரியாகப் பிரிவுகளுக்கு ஒன்று, மாத வாரியாக ஒன்று. பில் எண்ணிக்கைக்கு 'பில் அடையாளம்' காலத்தை வேல்யூஸில் போட்டு, கணக்கிடும் வகையை டிஸ்டிங்க்ட் கவுன்ட் என மாற்றுங்கள். டேட்டா மாடல் வழியாக வந்த பிவட்டில்தான் இந்த வசதி தெரியும்.

லாப சதவீதத்தில் பலர் வழுக்குகிறார்கள். ஒரு பில் 1,000 ரூபாய், லாபம் 400, அதாவது 40 சதவீதம். இன்னொன்று 99,000 ரூபாய், லாபம் 4,950, அதாவது 5 சதவீதம். வரிக்கு வரி சதவீதம் போட்டு ஆவரேஜ் எடுத்தால் 22.5 என்று வரும். உண்மையில் ஒரு லட்சத்துக்கு 5,350 தான் லாபம், 5.35 சதவீதம். முதலாளி 22.5 ஐ நம்பித் தள்ளுபடி அறிவித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்! சரியான வழி: பிவட் ஃபீல்டு பட்டியலில் விற்பனை டேபிளின் பெயரில் ரைட் கிளிக் செய்து 'ஆட் மெஷர்' (பிவட்டுக்காக நாமே எழுதும் ஃபார்முலா) திறந்து, டிவைட் ஃபங்ஷனுக்குள் முதலில் லாபத்தின் கூட்டல், அடுத்து விற்பனையின் கூட்டல் கொடுங்கள். லாபம் என்பது விற்பனை கழித்தல் அடக்கம், அதைப் பவர் குவெரியிலேயே ஒரு காலமாக எடுத்துவிடலாம். கிளையை மாற்றினாலும் மாதத்தை மாற்றினாலும் மெஷர் அந்தந்த மொத்தத்தை வைத்துத்தான் வகுக்கும்.

படி 6: தீபாவளி ஓட்டம்

புதிய பிவட் ஒன்று. ரோஸில் (Rows) 'தீபாவளிக்கு நாள்', காலம்ஸில் நிதியாண்டு, வேல்யூஸில் விற்பனை, ஃபில்டரில் சீசன். சீசனில் 'தீபாவளி' மட்டும் தேர்ந்தெடுங்கள். எண்ணின் மேல் ரைட் கிளிக், ஷோ வேல்யூஸ் ஆஸ், ரன்னிங் டோட்டல் இன், அதில் 'தீபாவளிக்கு நாள்'. இதை லைன் சார்ட் ஆக்கினால் ஆண்டுக்கு ஒரு கோடு, எல்லாம் மைனஸ் 45 இல் கிளம்பி 0 வில் முடியும். இந்த ஆண்டுக் கோடு மைனஸ் 20 இல் போன ஆண்டுக் கோட்டுக்குக் கீழே இருந்தால், பண்டிகைக்கு இன்னும் 20 நாள் கையில் இருக்கும்போதே தெரிந்துவிடும். இன்றைய தேதிக்குப் பிறகு கோடு படுக்கையாக நீண்டால் பதற வேண்டாம், அவை இன்னும் வராத நாட்கள்.

படி 7: ஸ்லைசர்

தட்டினால் பிவட்டை வடிகட்டும் பட்டன்கள்தான் ஸ்லைசர். பிவட் டேபிள் அனலைஸ் டேப்பில் இன்சர்ட் ஸ்லைசர். கிளை, பிரிவு, நிதியாண்டு, இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிதியாண்டு ஸ்லைசரை நாட்காட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஸ்லைசரின் மேல் ரைட் கிளிக் செய்து ரிப்போர்ட் கனெக்‌ஷன்ஸ் திறந்தால், எந்தெந்த பிவட் இதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று டிக் செய்யலாம்.

எல்லாவற்றையும் டிக் செய்துவிடத்தான் கை துறுதுறுக்கும். ஆனால் நிதியாண்டு ஸ்லைசரைத் தீபாவளி பிவட்டோடு இணைக்காதீர்கள். 2025-26 ஐத் தட்டியதும் பழைய ஆண்டுகளின் கோடுகள் மறைந்துவிட்டால் எதோடு ஒப்பிடுவது? கிளையும் பிரிவும் அதற்கு இருக்கட்டும். எது எதற்குக் கட்டுப்படக் கூடாது என்று முடிவு செய்வதில்தான் நல்ல டாஷ்போர்டு தெரியும்.

ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்க கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு தட்ட வேண்டும். ஃபில்டரை நீக்க ஆல்ட் சி. பார்ப்பவர்களுக்கு இது தெரியாது, ஸ்லைசர் பக்கத்தில் சின்னதாக எழுதிவையுங்கள்.

படி 8: லட்சம், கோடி

எக்செல் 1,234,567 என்று கமா போடும். விண்டோஸின் ரீஜன் அமைப்பை மாற்றினால் சரியாகும், ஆனால் வேறு கணினியில் திறந்தால் பழையபடி ஆகிவிடும். நம்பர் ஃபார்மட்டில் கஸ்டம் போய் இதை அப்படியே ஒட்டுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

12,34,567 என்று காட்டும். லட்சத்தைத் தாண்டிய மைனஸ் தொகைகளுக்கு மட்டும் பழைய கமாதான் வரும். பிவட்டில் இதை வேல்யூ ஃபீல்டு செட்டிங்ஸ் வழியாகக் கொடுங்கள், அப்போதுதான் ரெஃப்ரெஷ் செய்தாலும் நிற்கும்.

மேலே பெரிய எழுத்தில் மொத்த விற்பனை, லாப சதவீதம், சராசரி பில் தொகை (விற்பனையைப் பில் எண்ணிக்கையால் வகுத்தது) மூன்றும் வர வேண்டுமா? ஒரு செல்லில் சமக்குறி போட்டு பிவட்டின் எண்ணைத் தட்டுங்கள். பிறகு ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் வரைந்து, அதைத் தேர்ந்தெடுத்த நிலையிலேயே ஃபார்முலா பாரில் சமக்குறி போட்டு அந்த செல்லைக் காட்டுங்கள். எண் மாற மாற பெட்டியும் மாறும். ஸ்லைசர் ஒரு பிரிவை மறைக்கும்போது அந்த செல்லில் பிழை தோன்றினால் இஃப்எரர் போட்டு ஒரு கோடு வரும்படி செய்துவிடலாம்.

படி 9: அனுப்பும் முன்

பிவட் டேபிள் ஆப்ஷன்ஸில் 'ஆட்டோஃபிட் காலம் விட்த்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ரெஃப்ரெஷிலும் காலம் அகலம் ஆடும். சார்ட்டுகளில் உள்ள சாம்பல் நிற பட்டன்கள் மேல் ரைட் கிளிக் செய்து எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள்.

கிளை மேலாளர்களுக்கு இந்த ஃபைலையே அனுப்பலாமா? பிவட்டில் உள்ள ஓர் எண்ணை இரட்டைக் கிளிக் செய்தால் அதற்குப் பின்னால் இருக்கும் வரிகள் புதிய ஷீட்டில் வந்து விழும், அடக்க விலையோடு சேர்த்து. பிவட் ஷீட்டை மறைத்துவைத்தாலும், டேட்டா ஃபைலுக்குள்ளேதான் இருக்கிறது. கரூர்க்காரருக்கு ஈரோட்டின் லாபம் தெரிய வேண்டாம் என்றால் பவர் குவெரியிலேயே கரூரை மட்டும் ஃபில்டர் செய்து, அடக்கம், லாபம் காலங்களையும் மெஷரையும் நீக்கி, வேறு பெயரில் தனி ஃபைலாகச் சேமித்து அனுப்புங்கள். அதற்கு நேரமில்லையா, அவர் கிளையைத் தேர்ந்தெடுத்து, லாபப் பெட்டியை எடுத்துவிட்டு ஒரு பிடிஎஃப்.